அக்கா இல்லாத படங்கள்

மே 20, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். மேகம் கூடுகிறது, கலைகிறது, மழை மட்டும் இல்லை. பள்ளிக்கூடம் லீவு. ஆபீஸ் கிளார்க்கான எனக்குப் பாதி லீவுதான், எச்.எம். கூப்பிட்டால் ஓட வேண்டும். கூப்பிடாமல் இருக்க எல்லா சாமிக்கும் ஒரு கும்பிடு.

கேமரா வேலைகள். பேட்டரி இரண்டும் சார்ஜ். கார்டு காலி பண்ணியாச்சு. தண்ணீர் படாமல் இருக்க ஜவுளிக்கடைக் கவரில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை, சுற்றி ரப்பர் பேண்ட். "கேமராவுக்கு நைட்டி மாட்டிவிட்ட மாதிரி இருக்குப்பா" என்கிறாள் மகள் தாரணி. ஆறாவது போகிற பிள்ளைக்கு அவள் அம்மா வாய் அப்படியே.

வியாழக்கிழமை தண்ணிப் பார்க் போகிறோம். கொட்டாம்பட்டி தாண்டி ரோட்டை ஒட்டிப் புதுசாக வந்திருக்கிறது. வருஷா வருஷம் லீவுக்கு எனக்கு ஏதாவது ஒரு தீம் பார்க் வேண்டும். ஊரே மலைக்கும் கடலுக்கும் போகும், நான் ராட்டினத்துக்குப் போவேன். என் வீட்டுக்காரி செல்விக்கு இதில் தீராத எரிச்சல். "அடுத்தவுக அலறுறதப் படம் புடிக்க நம்ம காசு குடுத்து டிக்கெட் எடுக்கணும்."

அவளுக்கு எப்படிச் சொல்ல? கோயிலில் கேமராவைத் தூக்கினால் விரட்டுவார்கள். கல்யாணத்தில் தூக்கினால் வீடியோக்காரர் முறைப்பார். பார்க்கில் ஒருத்தரும் கண்டுகொள்வதில்லை. சறுக்கில் இருந்து தண்ணீரில் வந்து விழுகிற அந்த ஒரு நொடியில் மனுஷ முகத்தில் பொய்யே இருக்காது, எம்புட்டுப் பெரிய ஆபீசராக இருந்தாலும் சரி. அதற்குத்தான் அலைகிறேன். கேட்டுவிட்டுத்தான் எடுப்பேன். எடுத்ததை வாட்ஸப்பில் அனுப்பிவிடுவேன். பொம்பளைகள் பக்கம் லென்ஸைத் திருப்புவதில்லை, செல்வியும் தாரணியும் தவிர.

பாண்டியம்மா அக்காவும் வருகிறாள். ஐப்பசியில் இருந்து எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். பேரையூரில் இருந்து ஆஸ்பத்திரிக்கு வந்து வந்து போக முடியாதென்று மதுரை ஆனையூருக்கே கூட்டி வந்துவிட்டோம். மார்பில் கட்டி. ஆபரேஷன், அப்புறம் மாசக்கணக்கில் மருந்து ஏற்றினது, எல்லாம் பங்குனியோடு முடிந்தது. நேற்று டாக்டர், "நல்லா இருக்கீங்கம்மா. ஊருக்குப் போகலாம், வேலை பாக்கலாம், தண்ணியிலயும் எறங்கலாம்" என்றார். வெளியே வந்து நான் அழுதேன். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

ஞாயிறு அன்று ஊருக்குக் கிளம்புகிறாள். அதற்குள் ஒரே ஒரு படம் எடுத்துவிட வேண்டும். இந்த எட்டு மாசமாக வீட்டில் எடுத்த எந்தப் படத்திலும் அவள் இல்லை. கேமராவைக் கண்டாலே அடுப்படிக்குள் போய்விடுவாள்.

சாயங்காலம் கேட்டேன். துவைத்த துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்: "பார்க்குக்கு வாரேன். ஆனா என்னைய எடுத்துறாத."

"ஏன்க்கா, முடி வந்துருச்சுல்ல. அறுத்த வயல்ல தாள் நிக்கிற மாதிரி அழகாத்தான் இருக்கு."

"முடிக்காகன்னு நெனச்சியா? பெரியப்பாவுக்கு என்ன பண்ணுனீங்க? வைத்தியம் பாக்கையில மூஞ்சி ஊதிப்போயி ஒரு போட்டோ எடுத்தீக. அதையே பெருசாக்கி, கண்ணீர் அஞ்சலின்னு முக்குல ஃப்ளெக்ஸ் கட்டுனீக. நீ இப்ப எடுக்குறது எங்க போயி நிக்கும்னு எனக்குத் தெரியும்டா."

அந்தப் பெரியப்பா படத்தை எடுத்தது நானில்லை, ஆனால் ஃப்ளெக்ஸ் கடைக்குப் பென் டிரைவ் கொண்டுபோனது நான்தான். கேமரா மேல் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள், அவளாகச் சொல்லாமல் எடுக்க மாட்டேன் என்று.

மே 21, புதன்

வெயில். எச்.எம். கூப்பிட்டார், போய் டி.சி. பைல் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். வருகிற வழியில் கேமராவுக்கு இன்னும் இரண்டு ரப்பர் பேண்ட்.

பார்க்கில் வெளிச் சாப்பாடு கூடாதாம். செல்வி அதைக் காதிலேயே வாங்கவில்லை. "மருதையில இருந்து ஒரு குடும்பம் புளியோதரை இல்லாமக் கெளம்புனதா சரித்திரமே கெடையாது." டப்பா என் கேமரா பேக்கில், ஜூம் லென்ஸ் இருக்கிற அறையில். ஜூம் லென்ஸ் அவள் துணிப்பையில், பாவாடைக்குள் சுருட்டி. இருபது வருஷம் சீட்டுப் பிடித்து வாங்கின மாதிரி நான் பொத்தி வைத்திருக்கிற லென்ஸ். வாயைத் திறக்கவில்லை. இந்த எட்டு மாசம் என் அக்காவுக்குக் கஞ்சி காய்ச்சி, வாந்தி அள்ளின பொம்பளை. லென்ஸ் பாவாடையில் இருந்தால் என்ன.

மே 22, வியாழன். பார்க் கேண்டீன், மத்தியானம்

நல்ல வெயில், ஓரமாகக் காற்று. படத்துக்கு வெளிச்சம் அதிகம்தான்.

வாசலில் செக்யூரிட்டி என் பேக்கைத் திறந்தார். மோந்து பார்த்தார். "என்னண்ணே, லென்ஸு புளிக்குது?" செல்வி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். மனுஷன் கோபப்படவில்லை. "அந்தா, வேப்ப மரத்தடியில ஒக்காந்து முடிச்சுட்டு உள்ள வாங்க. தூக்கியெல்லாம் போட வேணாம்." காலை ஒன்பதரைக்கே புளியோதரை சாப்பிட்ட குடும்பம் நாங்களாகத்தான் இருப்போம். அவருக்கும் ஒரு தட்டு. நல்லா இருக்கட்டும்.

அக்கா உற்சாகமாகத்தான் வந்தாள். சேலையோடு இறங்கக் கூடாது என்றதும் வாடகை நைலான் டிரஸ் வாங்கிப் போட்டுக்கொண்டாள். முழுக்கை, முழுக்கால். தலையில் எப்போதும் கட்டுகிற பூந்துண்டு. பேரையூரில் கிணற்றுக்குள் மேட்டில் இருந்தே குதிக்கிறவள் அவள், தண்ணீரைப் பார்த்ததும் நடையே மாறிவிட்டது. தாரணி கையைப் பிடித்துக்கொண்டு பெரிய சறுக்கு வரிசையில் போய் நின்றாள்.

மேலே விசில் வைத்துக்கொண்டு நிற்கிற தம்பி மரியாதையாகத்தான் சொன்னான். "அம்மா, தலைத்துண்டை மட்டும் எடுத்துருங்க. சறுக்குல சிக்கிக்கும். ரூல்ஸும்மா."

"அப்ப வேணாம் தம்பி."

இறங்கி வந்துவிட்டாள். இப்போது குளத்தங்கரைத் திட்டில் காலை மட்டும் தண்ணீரில் விட்டு உட்கார்ந்திருக்கிறாள். செல்வி என்னைக் கண்ணால் அடக்கினாள், ஒன்றும் பேசாதே என்று. காலையில் இருந்து நிறையப் படம். தாரணி சறுக்கில் வாயைப் பிளந்து வருவது, செல்வி மூக்கைப் பொத்திக்கொண்டு வருவது, மாமனார் மருமகன் போல ஒரு ஜோடி கட்டிப்பிடித்துக்கொண்டு வருவது. எல்லாம் நல்லா வந்திருக்கிறது. எதிலும் எனக்கு மனசு இல்லை. டீ ஆறிவிட்டது.

மே 23, வெள்ளி

ராத்திரி ஒன்பது மணிக்கெல்லாம் தூங்கிவிட்டேன், அதனால் நேற்று மத்தியானத்துக்கு மேல் நடந்ததை இப்போது எழுதுகிறேன். ஒன்றும் விடாமல் எழுத வேண்டும்.

டீ குடித்துவிட்டு வந்தபோது ஒரு வேன் குடும்பம் உள்ளே வந்தது. அழகர்கோயிலில் முடியிறக்கிவிட்டு நேராக இங்கே. அப்பா மொட்டை, அம்மா மொட்டை, பிள்ளைகள் இரண்டும் மொட்டை, மடியில் வைத்து மொட்டை போட வந்த தாய்மாமனும் மொட்டை. எல்லார் தலையிலும் சந்தனம். விசில் தம்பி ஓடி வந்து, "சந்தனத்தக் கழுவிட்டு எறங்குங்க, தண்ணி கலங்கிரும்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான்.

அந்த அம்மா தலையைக் கழுவிக்கொண்டு அக்கா பக்கத்தில் திட்டில் உட்கார்ந்தது. நான் இந்தப் பக்கம் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தேன், பேச்சு நன்றாகக் கேட்டது. துண்டுக்குக் கீழே அக்காவின் பிடரி தெரிந்திருக்கும் போல.

"ஏன்க்கா, மொட்ட போட்டதுக்குப் போயி துண்டக் கட்டிக்கிட்டு? சாமிக்குத்தான குடுத்தோம், இதுல என்ன வெக்கம். ஒங்களுக்கு ரெண்டு மாசம் இருக்குமா? எந்தக் கோயிலு?"

அக்கா காலால் தண்ணீரைத் தள்ளிவிட்டாள்.

"ஆஸ்பத்திரிம்மா."

"ஆஸ்பத்திரியில யாருக்கு முடியலன்னு நேந்துக்கிட்டீக?"

"எனக்குத்தான்."

"சரியாயிருச்சுல்ல?"

"ஆயிருச்சுன்னுதான் சொல்றாக."

"அப்பறமென்ன. எந்திரிங்க, வாங்க. எனக்கும் ஒத்தையில போகப் பயமா இருக்கு."

அந்த அம்மாவுக்கு விஷயம் புரிந்து கேட்டதா, புரியாமல் வேண்டுதல் என்றே நினைத்துக் கேட்டதா, எனக்கு இன்னும் தெரியவில்லை. அக்காவுக்கும் தெரியவில்லையாம். அவள் துண்டை அவிழ்த்தாள். நாலாக மடித்து செல்வி கையில் கொடுத்தாள். கோயில் மொட்டைகள் ஐந்து பேருக்கு நடுவில் என் அக்கா படியேறிப் போனாள். விசில் தம்பி எல்லாரையும் ஒரே குடும்பம் என்று நினைத்து மொத்தமாக உள்ளே விட்டான்.

ஜூம் லென்ஸ் மாட்டியிருந்தேன். வேண்டுமென்று செய்யவில்லை, மாட்டியிருந்தது. சறுக்கு முடிகிற இடத்தில் போகஸும் வைத்தாகிவிட்டது. அந்த அம்மாவும் அக்காவும் ஒரே டியூபில் வந்தார்கள். வளைவு திரும்பும்போது அக்கா கத்தின கத்து கேண்டீன் வரைக்கும் கேட்டிருக்கும். கண்ணை இறுக்கி மூடி, வாய் முழுசாகத் திறந்து, கன்னமெல்லாம் தண்ணீர். இத்தனை வருஷம் எத்தனையோ பார்க்கில் நான் தேடின முகம். விரல் பட்டன் மேல் இருந்தது.

எடுக்கவில்லை. சத்தியம் சத்தியம்தான். கேமராவை இறக்கிவிட்டு வெறுங்கண்ணால் பார்த்தேன். பார்த்தேனே, அது போதும். நெஞ்சு நிறைந்துவிட்டது.

அதற்கப்புறம் அவளைக் கரையேற்ற முடியவில்லை. திரும்பத் திரும்ப மேலே போனாள். செல்வி திட்டி இழுத்து வந்தாள், "மைனி, டாக்டரு எறங்கத்தான் சொன்னாரு, குடியிருக்கச் சொல்லல."

வெளியே வந்ததும் அந்த அம்மா பையில் இருந்து சந்தனக் கிண்ணத்தை எடுத்து எல்லார் தலைக்கும் திரும்பப் பூசியது. கேட்கவெல்லாம் இல்லை, அக்கா தலையிலும் பூசியது. "வெயிலு மண்டையப் பொளக்குது, குளுகுளுன்னு இருக்கும்." அக்கா சின்னப் பிள்ளை மாதிரித் தலையைக் குனிந்து காட்டினாள்.

அந்த அம்மாவின் வீட்டுக்காரர் என் கழுத்தில் கேமராவைப் பார்த்தார். "அண்ணே, எங்க எல்லாத்தையும் ஒரு போட்டோ."

வரிசையாக நின்றார்கள். அக்கா நைசாக விலகினாள். அந்த அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. "எங்க போறீக? மொட்டச் செட்டு முழுசா இருக்கட்டும்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் கேமராவை இறக்கிவிட்டேன். கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன், அவளே முடிவு பண்ணட்டும் என்று.

"என்னடா மரம் மாதிரி நிக்கிற. எடு."

முதல் படம் ஆடிவிட்டது. இரண்டாவது சரியாக வந்தது. மூன்று, நாலு, அப்புறம் எண்ணவில்லை.

மே 24, சனி

லேசான தூறல், மண்ணு கூட நனையவில்லை. படங்களை டி.வி.யில் போட்டுப் பார்த்தோம். வேன் குடும்பத்துக்கு வாட்ஸப்பில் அனுப்பியாச்சு. அந்த அம்மாவிடம் இருந்து குரல் செய்தி: "நல்லா வந்துருக்குண்ணே. அக்கா நல்லாருக்காகளா? அடுத்த வருசம் அழகருக்கு வாங்க, பாப்போம்." பெயர் கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. எந்த ஊரோ. எங்கிருந்தாலும் மகராசியாக இருக்க வேண்டும்.

அக்கா டி.வி. பக்கத்தில் போய் நின்று பார்த்தாள். ரொம்ப நேரம்.

"ஏன்டா, இதுல நான் அச்சு அசல் நம்ம அப்பா."

அப்பாவுக்கு நாற்பதிலேயே வழுக்கை. அதே நெற்றி, அதே காது. எட்டு மாசமாகத் தினமும் பார்க்கிற முகம், எனக்குத் தெரியவே இல்லை. செல்விதான் முதலில் சிரித்தாள். அப்புறம் எல்லாரும். அப்பா செத்ததற்கு அப்புறம் அவரை நினைத்து இந்த வீட்டில் இப்படிச் சிரித்ததில்லை.

"ஒரு பிரிண்டு போட்டுக் குடு" என்றாள் அக்கா. "மாட்டுறதுக்கு இல்ல. வச்சுப் பாக்க."

கடைக்குப் போய் நாலு பிரிண்ட். ஒன்று எனக்கு.

மே 25, ஞாயிறு

வெயில் ஏறுவதற்கு முன்னால் பஸ் ஸ்டாண்ட். அக்கா வீட்டுக்காரர், எங்க மாமா, பேரையூரில் இருந்து விடிகாலையிலேயே வந்து அக்காவைக் கூட்டிப் போகிறார். அவர் அதிகம் பேச மாட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டே நின்றார். செல்விக்கு ஒரு மூட்டை பருத்திக்கொட்டையும் கொஞ்சம் கம்பும் கொண்டு வந்திருந்தார். தாரணி அழுதாள். செல்வி அழவில்லை, மாத்திரைப் பையை மட்டும் மறுபடி மறுபடி சரிபார்த்தாள்.

அக்காவுக்கு ஜன்னலோர சீட். முந்தானையைச் சரி பண்ணினாள், நிமிர்ந்து உட்கார்ந்தாள், என்னையே பார்த்துக்கொண்டு முகத்தைச் சிரித்த மாதிரி வைத்திருந்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நானும் சிரித்தேன்.

"என்னடா பல்லக் காட்டுற? எடு."

"எதக்கா?"

"கேமராவ."

கொண்டுபோகவில்லை. ஒரு தடவை எடுத்தாச்சு, இனியும் தொந்தரவு பண்ண வேண்டாம் என்று நான்தான் பீரோவில் வைத்துவிட்டு வந்தேன்.

"வேணாம் வேணாம்னப்ப அம்புட்டுத் தூரம் தூக்கிட்டு அலைஞ்ச. இன்னைக்குப் பவுசா ஒக்காந்திருக்கேன், வெறுங்கைய வீசிட்டு வந்து நிக்கிற. கூறு இருக்கா ஒனக்கு?"

கண்டக்டர் விசில். சட்டைப் பையில் இருந்து செல்போனை உருவுவதற்குள் பஸ் திரும்பிவிட்டது. கையை ஆட்டினேன். அவள் ஆட்டவில்லை, ஜன்னல் வழியாக என்னை முறைத்துக்கொண்டே போனாள். சாமி, நல்லா முறைத்தாள்.