இடப்பக்கத்துப் பின்சக்கரம்

மச்சான்,

சூடான புகைக்குழாயில் செம்மண் காயும் வாசம் உனக்குத் தெரியும். பெர்மாஸ் ஜெயா வீட்டுக் கார் கொட்டகை முழுக்க இப்போது அதுதான். நேற்று காஹாங் மண் தடத்தில் போட்டி. காரை இன்னும் கழுவவில்லை. திட்டுவதற்கு நீ இல்லை, சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

நாம் ஓடியதெல்லாம் இருவர் போட்டி. நான் ஓட்டுவேன், நீ இடப்பக்கம் உட்கார்ந்து வரப்போகும் வளைவுகளைச் சொல்வாய். நீ ஏறியதும் கார் அந்தப் பக்கம் சாயும். அங்கே பின்சக்கர ஸ்பிரிங்கின் அடி வளையத்தைத் திருகி ஏற்றாவிட்டால் வளைவில் காரின் வால் சொன்னபடி கேட்காது. எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று தெரிய உன் எடையைக் கேட்டேன். எண்பது கிலோ என்றாய், கூசாமல். எண்பதுக்குத் தகுந்தபடி ஏற்றியும் கார் சாய்ந்தே நின்றது. கடைசியில் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை நிறுக்கும் தராசில் உன்னை நிற்க வைத்தேன். தொண்ணூற்றாறு. தோட்டத்து ஆட்கள் சிரித்த சிரிப்பில் நீயும் சேர்ந்துகொண்டாய்.

"மனுஷன்கிட்ட பொய் சொல்லலாம் மச்சான், காருகிட்ட முடியாது லா."

அதே காரிடம்தான் பிறகு மாட்டிக்கொண்டாய். போன வருடம் நீ ஏறி உட்கார்ந்த பிறகும் இடப்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. ஸ்பிரிங் புதிது, அதனால்தான் விறைப்பு என்று நினைத்து வளையத்தை இறக்கினேன். அடுத்த மாதமும் இறக்க வேண்டியிருந்தது. அதற்கடுத்த முறை, ஸ்பேனரும் கையுமாகக் கீழே படுத்திருந்தவன் எழுந்து உன்னைப் பார்த்தேன். இருக்கை வாரை எவ்வளவு இழுத்தும் உன் மார்பில் அது தொளதொளவென்று கிடந்தது.

"எடை கொறஞ்சா நல்லதுதானே. கார் இன்னும் வேகமா போவும்" என்றாய்.

நான் மேலே கேட்கவில்லை. வயிற்றில் கட்டி என்பதை உன் மனைவி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கோபம் வந்தது மச்சான். இன்னும் போகவில்லை.

நீ போனபின் அந்த இருக்கையில் யாரையும் ஏற்ற மனம் வரவில்லை. ஒற்றை ஆள் போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். பயிற்சியில் வலப்பக்கம் திரும்பினால் போதும், வால் பிய்த்துக்கொண்டு வெளியே போனது. காலி இருக்கைக்குத் தகுந்தபடி வளையத்தை இறக்கு என்று பார்த்தவர்களெல்லாம் சொன்னார்கள். எனக்குத் தெரியாதா? ஆனால் வால் வீசும் ஒவ்வொரு முறையும், நீ இல்லை என்று கார் சொல்லிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் அதைச் சொல்வதைக்கூட நிறுத்திவிட்டார்கள். அதைக் கேட்கவே ஓட்டினேன் போலிருக்கிறது.

ஒருநாள் ஒரு செம்பனை மரத்தை மயிரிழையில் தவிர்த்தேன். மோதியிருந்தால் உன்னிடமே வந்து சேர்ந்து, அங்கேயும் திட்டு வாங்கியிருப்பேன்.

நேற்றுக் காலை ஜாக்கி போட்டேன். மண்ணைத் துடைத்துவிட்டு வளையத்தில் ஸ்பேனரை மாட்டினேன். துருப்பிடித்து இறுகியிருக்கக் கூடாதா என்று இருந்தது. கொஞ்சம் அழுத்தியதுமே திரும்பிவிட்டது. காலி இருக்கையோடு கார் மட்டமாக நின்றது.

நீ சொன்னது சரிதான். நாம் சேர்ந்து ஓடியதைவிட வேகமாகப் போனது. எந்த வளைவிலும் வால் வீசவில்லை. முடிவுக் கோட்டைத் தாண்டியதும், பார்த்தாயா என்று கேட்க இடப்பக்கம் திரும்பினேன். இருக்கை வார் மடித்து வைத்தபடி கிடந்தது.

நீ இல்லாதது இப்போது காருக்குத் தெரியவில்லை, மச்சான். எனக்குத்தான் தெரிகிறது.