செவலையும் நெத்திலியும்

மார்ச் 9, ஞாயிறு

செவலை போன மாதம் கிடேரிக் கன்று போட்டதிலிருந்து வீட்டில் ஒரே பேச்சு. விற்க வேண்டும், எப்போது? "கன்னுக்குட்டியோட, கறவையில இருக்கசொல்ல வித்தாதான் வெல. பால் வத்திப்போனா எவன் வருவான்?" என்கிறார் என் வீட்டுக்காரர் பூபதி. படகுக்குப் புது என்ஜின் வாங்க வேண்டும். பழையது நடுக்கடலில் நின்று மானத்தை வாங்குகிறது. நியாயம்தான். ஆனால் ஏப்ரல் பாதியில் மீன்பிடித் தடை வந்துவிடும், இரண்டு மாதம் கடலுக்கே போக முடியாது. அப்போது வீட்டுச் செலவுக்கு என்ஜினையா கறப்பது? கேட்டேன். வலை தைக்க எழுந்து போய்விட்டார்.

தடை முடிந்த பிறகு விற்கலாம் என்பது என் கட்சி. எப்போதுமே விற்க வேண்டாம் என்பதுதான் உண்மை. அதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

மார்ச் 14

கன்றுக்குப் பெயர் வைக்கலாமா என்றேன். "விக்கிற மாட்டுக்கு இன்னாத்துக்குடி பேரு?"

மார்ச் 23

திருப்பாலைவனத்திலிருந்து அர்ஜுனன் என்பவர் மாடு பார்க்க வந்தார். நெல் போடுகிறவர். பல் பார்த்தார், மடி பார்த்தார், சுழி பார்த்தார். எல்லாம் பிடித்துப் போயிற்று. கறந்து ஒரு டம்ளர் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார், முகம் கோணிவிட்டது.

"இன்னாம்மா இது, பால்ல மீன் கவுச்சி அடிக்குது?"

நான் மோந்து பார்த்தேன். என் வீட்டுக்காரரும் மோந்தார். டீக்கடை ஜமுனா அக்காவைக் கூப்பிட்டு மோக்கச் சொன்னோம். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"உங்களுக்கு எங்க தெரியப்போவுது, ஊரே அப்டித்தான வீசுது" என்றார் அர்ஜுனன்.

திரும்பிப் பார்த்தால், செவலை மணலில் காயப்போட்ட கருவாட்டை மென்றுகொண்டு நிற்கிறது. தினமும் மேய்வது அதைத்தான். அந்தப் பாலில்தான் இந்தக் குப்பமே டீ குடிக்கிறது. ஒருத்தருக்கும் மூக்கு இல்லை போல.

"வைக்கோலப் போட்டுக் கட்டி வைங்க. தடை முடியறப்ப வந்து பாக்குறேன்" என்று கிளம்பிவிட்டார். என் வீட்டுக்காரருக்குக் கோபமான கோபம். நான் சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினேன்.

ஏப்ரல் 16

நேற்று தடை ஆரம்பம். கரையில் கருவாடு இல்லை. செவலைக்கு இனி வைக்கோல்தான்.

ஏப்ரல் 29

ஜமுனா அக்கா சண்டைக்கு வந்துவிட்டாள். "பால்ல தண்ணி ஊத்துறியா அமுதா? டீ சப்புனு இருக்குதுனு கடையில எல்லாரும் கேக்குறாங்க." பால் சுத்தமானதற்கு எனக்குக் கெட்ட பெயர். எங்கே போய்ச் சொல்ல?

மே 11

பின்பக்கம் யாரையோ கொஞ்சுகிற குரல். "ஏ நெத்திலி, இங்க வா. நைனாகிட்ட வா." எட்டிப் பார்த்தேன். இவரும் கன்றும்தான். பெயரா என்று கேட்டதற்கு, "ஒல்லியா கீதுல்ல, அதான்" என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

விடிந்ததும் பால் கேனோடு சைக்கிளில் கிளம்புவதும் இப்போது இவர்தான். அந்தக் காசில்தான் உலை கொதிக்கிறது. சரி, இதுதான் நேரம் என்று, விற்கத்தான் வேண்டுமா எனக் கேட்டேன். "சொன்னா சொன்னதுதான்" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். என்ன மனிதர் இவர்?

ஜூன் 6

அர்ஜுனன் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம், பணத்தோடு. பால் இப்போது பளிங்கு மாதிரி இருக்கிறது. இனி என்ன சாக்கு சொல்வேன்?

ஜூன் 7

மனசே கேட்கவில்லை. வேண்டாம் என்று வாய் திறந்து சொல்லவும் முடியவில்லை, என்ஜின் நினைப்பு வருகிறது. சாயந்திரம் இவர் வெளியே போனதும், பானையில் இருந்த காரப்பொடி மீன் கருவாட்டை ஒரு கை அள்ளித் தொட்டியில் போட்டேன். செவலை ஒன்று விடாமல் தின்றது. தப்புதான். கடவுள் பார்த்துக்கொள்ளட்டும்.

ஜூன் 8, ஞாயிறு

அர்ஜுனன் டம்ளரை வாயில் வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார். "போன தபாவுக்கு இந்தத் தபா மோசம்மா." சுண்ணாம்புக்குளத்தில் வேறு மாடு பார்த்து வைத்திருக்கிறாராம், அங்கேயே போகிறேன் என்று போய்விட்டார்.

இவர் கத்தப்போகிறார் என்று அடுப்படியிலேயே நின்றேன். கத்தவில்லை. "சரி, வுடு. பழைய என்ஜின முத்து மெக்கானிக்கிட்ட குடுத்துப் பாக்கலாம். இன்னும் ஒரு வருசம் இழுக்கும்" என்று சொல்லிவிட்டு நெத்திலியை அவிழ்க்கப் போனார். சீட்டியடித்துக்கொண்டு போன மாதிரி இருந்தது.

மத்தியானம் தொட்டியைக் கழுவினேன். அடியில் வைக்கோலுக்குள்ளே, செவலை தின்னாமல் விட்ட வாளை மீன் கருவாட்டுத் தலை ஒன்று பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

நான் போட்டது காரப்பொடி மட்டும்தான்.