ராக்கிமோட்டுப் பயணிகளின் உண்மையான எடை

மே 9, வெள்ளி. இன்வர்கார்கில்

இன்று முதல் இந்தக் குறிப்பேட்டில் நான் எழுதப்போவதை ஒருவரும் நம்பமாட்டார்கள். வலது கையை உயர்த்தி, இடது கையில் பேனாவைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்கிறேன். நம்பினால் அது உங்கள் பிழை.

டியோனே ப்ராட்ஷா ஆகிய நான் பெட்ரல் ஏர் விமானக் கம்பெனியின் மூத்த பணியாள். முப்பத்தொரு வருடமாக இந்த ஊருக்கும் ராக்கிமோட்டுத் தீவுக்கும் நடுவே தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன். நான் பறந்த தூரத்தை நீட்டிப் போட்டால் சனி கிரகத்தைத் தொட்டு, அங்கே இருப்பவர்களுக்கும் பெல்ட் போடச் சொல்லிவிட்டுத் திரும்பலாம்.

இன்று எங்கள் பழைய ஐம்பது சீட் விமானத்தை விற்றுவிட்டார்கள். பதிலுக்கு ஆஸ்திரேலியாவில் கரும்புக் காட்டு ஊர்களுக்கு ஓடிக் களைத்த முப்பத்துநாலு சீட் விமானம் ஒன்று வந்திருக்கிறது. உள்ளே குனிந்துதான் நடக்க வேண்டும். மாலைக்குள் என் உயரம் இரண்டு அங்குலம் குறைந்துவிட்டது, அளந்து பார்த்தேன்.

சின்ன விமானம் என்பதால் பெட்டிக்கு இனி பதினைந்து கிலோதான். முன்பு இருபத்துமூன்று.

நிலைய மேலாளர் டூகல் கூப்பிட்டு இன்னொரு புது விதியும் சொன்னான். என் அறிக்கைகளில் இனி உவமை கூடாதாம். போன மாதம் தள்ளுவண்டியின் பிரேக் நழுவியதை நான் எழுதிய விதம் அவனுக்குப் பிடிக்கவில்லை. மதம் பிடித்த காளை, மயங்கி விழுந்த மூன்று பெண்மணிகள் என்று எழுதியிருந்தேன். நடந்தது ஒரு காபி சிந்தியது. அதனாலென்ன? காளை இருந்ததால்தானே கடைசி வரி வரைக்கும் படித்தான்?

மே 12, திங்கள்

ராக்கிமோட்டு. டீட்டி என்ற கடற்பறவையின் குஞ்சு பிடிக்கும் காலம். குடும்பம் குடும்பமாகப் போய்ப் பிடித்து, உப்புப் போட்டு வாளிகளில் அடைத்து, நாடு முழுக்க இருக்கும் உறவுக்காரர்களுக்குக் கொண்டுபோவார்கள். நானும் அந்த வாளியைத் தின்று வளர்ந்தவன்தான்.

மீன் தொழிற்சாலையை நடத்தும் நோலீன் அக்கா என் ஒன்றுவிட்ட சகோதரி. பெட்டி இருபத்திரண்டு கிலோ. கவுண்டர்காரர் முடியாது என்றுவிட்டார். அக்கா முகம் வாடிப்போனதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. காதருகே போய்ச் சொன்னேன்.

"அக்கா, தராசு பெட்டியத்தான் நிறுக்குது. உன்ன நிறுக்கலியே."

அவள் என்னைப் பார்த்தாள். இந்தத் தீவில் மின்சாரம் வந்த நாளில்கூட இவ்வளவு வெளிச்சம் வந்திருக்காது.

மே 16, வெள்ளி

செய்தி தீவு முழுக்கப் பரவிவிட்டது. இன்று முப்பத்துநாலு பேரும் கோட்டுக்கு மேல் கோட்டு போட்டு, கோட்டின் உள்துணியில் உறைந்த மீன் துண்டங்களை வரிசையாகத் தைத்து, கவசம் பூண்ட படை போல ஏறினார்கள். நோலீன் அக்காவின் கோட்டுக்குள் நாற்பது பறவைகள். உட்காரவே முடியவில்லை, சாய்த்து வைத்துத்தான் பெல்ட் போட்டேன். பன்னிரண்டாம் வரிசைப் பெரியவர் ஒருவர் கால்சட்டைக்குள்ளிருந்து கல் இறால் மீசை எட்டிப் பார்த்தது. நான் பார்க்காத மாதிரி கடந்து போனேன். வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக நான் வேலை பார்த்ததில்லை.

ஓடுபாதையில் ஓடத் தொடங்கும் வரைக்கும்.

விமானம் ஓட ஆரம்பித்ததிலிருந்து சக்கரம் தரையை விடும்வரை மனதுக்குள் எண்ணுவது என் பழக்கம். இந்தப் புது விமானம் இருபத்தாறில் எழும். இன்று இருபத்தாறு ஆச்சு. முப்பது ஆச்சு. என் இருக்கைக்குப் பக்கத்து ஜன்னலில் ஆட்டு வேலி வந்துகொண்டே இருந்தது. முப்பத்திரண்டில்தான் எழுந்தது. வேலிக் கம்பத்தில் உட்கார்ந்திருந்த கடற்காகத்தின் கண் என்ன நிறம் என்று இப்போது கேட்டாலும் சொல்வேன்.

பயணிகள் கைதட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை.

மே 17, சனி

கேப்டனுக்குத் தரும் சுமைத் தாளில் ஒரு பயணிக்கு எண்பத்திரண்டு கிலோ என்று போடுவார்கள். யாரையும் நிறுப்பதில்லை, புத்தகத்தில் இருக்கும் எடை அது. ஒரு எஞ்சின் நின்றுபோனாலும் மற்றதை வைத்து மேலே ஏறிவிட முடிய வேண்டும், அதற்காகத்தான் கொஞ்சம் மிச்சம் விட்டுக் கணக்குப் போடுகிறார்கள். அந்த மிச்சத்தைத்தான் எங்கள் ஆட்கள் கோட்டுக்குள் தைத்துக்கொண்டு வருகிறார்கள்.

தைக்கச் சொன்னது யார்?

அறிக்கை எழுதினேன். முதல் தாளில் யானை வந்துவிட்டது, கிழித்தேன். இரண்டாவதில் நோவாவின் கப்பல் வந்தது, அதையும் கிழித்தேன். மூன்றாவதில் உவமையே இல்லை. ஆனால் எவ்வளவு கூடுதல் சுமை என்று எழுத வேண்டிய இடத்தில் பேனா தானாக 'ஒன்றரை டன்' என்று எழுதிவிட்டது. கை பழக்கம். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்பதை எழுதவில்லை. அதுவும் பழக்கம்தான்.

மே 19, திங்கள்

தேநீர் அறைச் சுவரில் என் அறிக்கையை ஒட்டியிருக்கிறார்கள். கீழே யாரோ கல் இறால் படம் வரைந்து, அதற்கு பெல்ட் போட்டிருக்கிறார்கள். நன்றாகத்தான் வரைந்திருக்கிறார்கள்.

மே 20, செவ்வாய்

மெரேனா வீட்டுக்குப் போனேன். என் தங்கை மகள். இந்தப் பாதையில் கேப்டன்; வெள்ளிக்கிழமை ஓட்டியதும் அவள்தான். சீஸ் ரோல் சுட்டுக் கொடுத்தாள். நான்கு தின்றபிறகு விஷயத்துக்கு வந்தேன்.

கேட்டுக்கொண்டாள். காற்று இல்லாத நாளில் எழும்ப நேரம் எடுக்கும், ஓடுபாதை ஈரமாக இருந்தது, சுமைத் தாள் சரியாகத்தான் இருந்தது என்றாள். பிறகு தட்டைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"மாமா, அப்போ எனக்கு ஏழு வயசு. திமிங்கலத்து முதுகுல விமானத்த இறக்கினோம்னு சொன்னீங்க. நான் வகுப்புல எழுந்து நின்னு சொன்னேன். அந்த வருஷம் பூரா எனக்குத் திமிங்கலம்னுதான் பேரு."

"அது வேற."

"முப்பத்திரண்டுன்னா நெஜமாவே முப்பத்திரண்டா? இல்ல உங்க முப்பத்திரண்டா?"

நிஜம் என்றேன். தலையாட்டினாள். நம்பவில்லை. நம்பாததற்கு அவளைக் குறை சொல்ல முடியுமா? முப்பது வருடம் நானே பாடுபட்டு வளர்த்த அவநம்பிக்கை அது.

நான்தான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன் என்பதை அங்கேயும் சொல்லவில்லை. வாய்வரைக்கும் வந்தது. சீஸ் ரோல் அடைத்துக்கொண்டது.

மே 21, புதன்

அடுத்த புதன் பறவைக்காரர்கள் கூட்டமாகத் திரும்பும் நாள். முப்பத்துநாலு சீட்டும் நிறைந்துவிட்டது. கேப்டன் மெரேனா. பணியாள் நான்.

மே 27, செவ்வாய்

டூகலிடம் நேரில் போய், நாளைக்கு ஆட்களையும் நிறுக்கச் சொன்னேன். பெண்களை நிறுக்கச் சொல்லி அடி வாங்கிச் சாக நான் தயாரில்லை, உனக்கு ஆசை என்றால் நீ செய் என்றான்.

சரி. செய்கிறேன்.

மே 28, புதன்

நடந்ததை நடந்தபடி எழுத முயல்கிறேன்.

தீவில் மழை. துளிக் காற்று இல்லை. வலது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. இடது பக்க வாசல் வழியாக ஒவ்வொருவராக ஏறினார்கள். எல்லோரும் உருண்டையாக இருந்தார்கள். என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்கள். படிக்கட்டு முனகியது. நோலீன் அக்கா கடைசியாக வந்தாள். வாசலில் அவள் மாட்டிக்கொண்டபோது நான் உள்ளிருந்து இழுத்தேன், கவுண்டர்காரர் வெளியிலிருந்து தள்ளினார்.

கதவை மூடிவிட்டு 'கேபின் தயார்' என்று நான் கேப்டனுக்குச் சொல்ல வேண்டும். நான் மூடவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் சிரித்தார்கள். டியோனேவின் அடுத்த நாடகம் என்று நினைத்தார்கள். ஐந்து நிமிடத்தில் சிரிப்பு நின்றது. பத்தாவது நிமிடத்தில் என் சொந்தச் சித்தப்பா மகன் என் பரம்பரையை மூன்று தலைமுறைக்குத் திட்டினான். அவனுக்கும் அதே பரம்பரைதான் என்பது அவனுக்கு நினைவில்லை. கவுண்டர்காரர் கைபேசியை நீட்டினார். மறுமுனையில் டூகல்.

"கதவ மூடு. இல்லன்னா சட்டையக் கழட்டிக் குடுத்துட்டு எறங்கு."

"எறங்கறேன். முப்பத்துநாலு சீட்டு வண்டி பணியாள் இல்லாம பறக்கக் கூடாது. நீ வந்து சட்டையப் போட்டுக்க. உனக்கு இடுப்புல பத்தாது."

இப்படிச் சொன்னதற்காக நான் வருத்தப்படவில்லை. எழுதிவைக்கிறேன், வருத்தப்படவே இல்லை.

பிறகு ஒலிபெருக்கியை எடுத்தேன். முப்பத்தொரு வருடமாக அதில் நான் சொல்லாத கதையில்லை. இன்று, உங்கள் கோட்டுக்குள் இருப்பது எனக்குத் தெரியும், தைக்கச் சொன்னதே நான்தான், அதனால்தான் இந்தக் கதவு மூடாது என்றேன். மழை தகரத்தில் அடிக்கிறமாதிரி கூரையில் கேட்டது.

விமானி அறைக் கதவு திறந்தது. மெரேனா வந்து என் எதிரே நின்றாள். கோபத்தில் அவள் காது சிவக்கும், என் தங்கைக்கும் அப்படித்தான்.

"மாமா. கதையா?"

"கதையில்ல."

அவ்வளவுதான். ஒரு மூச்சு விடும் நேரம் என் முகத்தைப் பார்த்தாள். திரும்பி உள்ளே போனாள். எஞ்சின் நின்றது.

பிறகு நடந்தது திருவிழா. நோலீன் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, தொழிற்சாலைக்கு ஆளனுப்பி, இறால் பெட்டி நிறுக்கும் பெரிய தராசை லாரியில் வரவழைத்தாள். மழையில் முப்பத்துநாலு பேர் வரிசை. மெரேனாவே நின்று எழுதினாள். முதலில் ஏறச் சொன்னது அக்காவைத்தான். அவள் ஊருக்குச் சொல்லிக்கொள்ளும் எடை அறுபத்தெட்டு. தராசு சொன்னது நூற்றொன்று.

"எழுதிக்கடி, எழுதிக்க," என்றாள் அக்கா மெரேனாவிடம். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ இருக்கியே, ஒன்ன உப்புப் போட்டு வாளியில அடைக்கணும்" என்றாள்.

சராசரி தொண்ணூற்றெட்டு. தாளில் இருந்ததைவிட ஐந்நூற்று நாற்பத்துநாலு கிலோ கூடுதல்.

மெரேனா அந்த எண்ணைப் பார்த்தாள். பிறகு ஓடுபாதையின் முனையில் இருக்கும் வேலியைப் பார்த்தாள்.

கோட்டுகள் கழன்றன. ஓடுபாதை ஓரத்தில் குவிந்த பறவையையும் மீனையும் பார்த்துத் தென்துருவத்திலிருந்தெல்லாம் கடற்காகங்கள் வந்தன. எல்லாம் அடுத்த கப்பலில் வரும். மனிதர்களை மட்டும் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். ஒருவரும் என்னிடம் தேநீர் வாங்கவில்லை. நானே ஏழு கோப்பை குடித்தேன்.

மே 30, வெள்ளி

விசாரணை. என் மேல் இரண்டு குற்றம்: விமானத்தைத் தாமதப்படுத்தியது, பயணிகளுக்குக் குறுக்குவழி சொல்லிக் கொடுத்தது. இரண்டாவதை ஒப்புக்கொண்டேன். முதலாவதை மறுபடியும் செய்வேன் என்று சொன்னேன். அதை எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

டூகல் என் அறிக்கையைத் தூக்கிக் காட்டினான். "ஒன்றரை டன்னு எழுதியிருக்க. ஐந்நூத்தி நாப்பத்திநாலுதான் வந்துச்சு."

"அப்போ மூணுல ஒரு பங்கு உண்மை. என் வாழ்க்கையிலேயே இதுதான் அதிகம்."

அவன் சிரிக்கக் கூடாது என்று ஜன்னலைப் பார்த்தான். தோள் குலுங்கியது. சுவரிலிருந்து அந்தத் தாளை எடுத்தது அவன்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

தீர்ப்பு: ஆறு மாதம் பறக்கக் கூடாது. தரையில் வேலை.

மெரேனா வெளியே காத்திருந்தாள். அவளும் தன் பேரில் ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டாளாம், பதினாறாம் தேதி விமானத்தைக் கிளப்பியது தானே என்று. எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். காரில் என்னைக் கொண்டுவந்து விட்டாள். வீட்டு வாசலில் இறங்கும்போது, "அந்தத் தள்ளுவண்டி விஷயத்துல காபி சிந்தினது மட்டும் நெஜம், இல்ல?" என்றாள்.

ஜூன் 2, திங்கள்

பறக்கவில்லை. வானம் என் இல்லாமையைத் தாங்கமுடியாமல் நாள் முழுக்க அழுதது.

ஜூன் 12, வியாழன்

தண்டனை என்னவென்றால், புது எடை மேடைக்கு என்னைக் காவல் போட்டிருக்கிறார்கள். இனி ராக்கிமோட்டுப் பயணிகள் எல்லோரும் பெட்டியோடு ஏறி நிற்க வேண்டும். என்னைப் பார்த்ததும் ஊரே மூச்சை உள்ளே இழுத்துக்கொள்கிறது; அதனால் எடை குறையாது என்று ஒருவருக்கும் நான் சொல்வதில்லை. நோலீன் அக்கா இன்னும் என்னோடு பேசுவதில்லை. ஏறி நிற்கிறாள், முறைக்கிறாள், இறங்குகிறாள். அதுபோதும் எனக்கு. முறைக்க ஆள் இருக்கிறாள் அல்லவா?

இன்று மதியம் மெரேனா வந்தாள். நான் கூட்டி எழுதிய தாளை வாங்கினாள். மற்ற கேப்டன்கள் மறுபடி ஒருமுறை கூட்டிப் பார்க்கிறார்கள். அவள் கையெழுத்துப் போட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மழையில் விமானத்தை நோக்கி நடந்தாள்.

இதுவரை படித்த புண்ணியவானே, கணக்கை நேர்செய்துவிடுகிறேன். அக்காவின் கோட்டில் நாற்பது பறவை இல்லை, பதினொன்று. கால்சட்டைக்குள் இறால் இல்லை. வாசற்படியில் நான் வீரமாக உட்காரவில்லை, முழங்கால் மடங்கிவிட்டது. டூகலின் இடுப்பைப் பற்றி நான் போனில் சொன்னது, அவன் போனை வைத்த பிறகு. மற்றதையும் உங்கள் இஷ்டப்படி குறைத்துக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபனையில்லை.

'கதையில்ல' என்று நான் சொன்னதும், இரண்டாம் முறை கேட்காமல் அவள் உள்ளே போய் எஞ்சினை நிறுத்தினாளே, அது மட்டும் நடந்தது.