தேவிப்ரியா டீச்சரின் கூறு

அன்பும் மரியாதையும் மிக்க தேவிப்ரியா டீச்சருக்கு, கல்வராயன் மலையிலிருந்து சின்னப்பையன் எழுதுவது.

எழுத்து நம் மலைப்பாதை மாதிரி மேடும் பள்ளமுமாக இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். காலையில் ஆரம்பித்தேன், மேயப்போன ஆடுகள் திரும்பிவிட்டன. ஆனாலும் டீச்சர், இது முழுக்க என் கை! எழுத எழுதச் சிரிப்பு வருகிறது.

திருப்பூர் கம்பெனி வேலை எப்படி? நேரத்துக்குச் சாப்பிடுங்கள். இங்கே சாமை அறுப்பு முடிந்தது.

சம்பளம் நின்று நீங்கள் மலையிறங்கிப் போனதிலிருந்து, எங்களுக்கு எழுத்துச் சொல்லித் தந்த மாலை வகுப்பு பூட்டியே கிடக்கிறது. நானும் வகுப்பில் என்னோடு படித்த பூமாலையும் கள்ளக்குறிச்சி கல்வி ஆபீசுக்குப் போய்க் கேட்டோம். அங்கே ஒரு ஐயா உட்காரவைத்துச் சொன்னார். டெல்லியிலிருந்து மாநிலங்களுக்கு வரும் பணம் இரண்டு வகையாம். ஜனம் எவ்வளவு, வசதி கம்மியா என்று பார்த்துப் பிரிப்பது ஒன்று. நிபந்தனை போட்டுத் தருவது இன்னொன்று. உங்கள் சம்பளம் இரண்டாவதிலாம். அந்த நிபந்தனைக்கு நம் மாநிலம் ஒப்பவில்லை, அதனால் அங்கேயே நிறுத்திவிட்டார்களாம்.

திருவிழாவில் கிடா வெட்டிக் கூறு போடுவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். சண்டைக்காரன் வீட்டுக்கும் ஒரு கூறு உண்டு. ஊரில் இல்லாதவன் கூறு அவன் வாசலில் தொங்கும். அந்த நினைப்பில், "நம்ம கூறு எந்த வாசல்ல தொங்குதுங்க? நாங்க போய் எடுத்துக்கினு வந்துடறோம்" என்று கேட்டுவிட்டேன். ஆபீசே சிரித்தது. அந்த ஐயா மட்டும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து என் பெண்சாதி பாவாயியிடம் சொன்னேன். "கிடா வாங்க நாமளுந்தான காசு போட்டோம்? கூறு குடுக்க இன்னா கண்டிசன்?" என்றாள்.

அவளை நினைத்தால்தான் மனசு தாங்கவில்லை. தன் பெயரில் முதல் இரண்டு எழுத்தோடு நிற்கிறாள். மீதியை நான் சொல்லித் தருகிறேன் என்றேன். "உங்கிட்டக் கத்துக்கறதுக்குக் கைநாட்டாவே இருந்துட்டுப் போறேன். டீச்சரம்மா வருவாங்க" என்கிறாள். மகளிர் சங்கத்தில் கையெழுத்துக்குப் பெருவிரல் வைக்கும்போது என்னைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். எனக்குக் கிடைத்தது அவளுக்குக் கிடைக்கவில்லையே, டீச்சர்.

இந்த வருஷத் திருவிழாவில் உங்களுக்கும் ஒரு கூறு கேட்டு வாங்கி, வகுப்பு வாசலில் தொங்கவிட்டாள். பொழுது சாய்ந்ததும் அவளே இறக்கி உப்புக்கண்டம் போட்டு வைத்திருக்கிறாள். எனக்கு ஒரு துண்டு தரவில்லை.

மலைச்சாமி உங்களை நல்லபடியாக வைத்திருக்கட்டும். ஒரு நாளாவது வந்து போங்கள். கீழே பாவாயியும் எழுதி, மீதிக்கு இடம் விட்டிருக்கிறாள். அடுத்த வாரம் இந்தக் கை மறுபடியும் எழுதும்.

இப்படிக்கு,
சின்னப்பையன்
பாவா