தொண்டை கட்டிய கேப்டன்

ஆகஸ்ட் 3, திங்கள்

பள்ளி வாலிபால் அணிக்கு நான் கேப்டனாகி இன்றோடு பத்து நாள். என் சத்தம் மைதானத்திலிருந்து வீடு வரை கேட்கிறதாம், அம்மா சொல்கிறாள். கேட்கட்டுமே. பந்து யார் பக்கம் போனாலும் அவள் பெயரைச் சொல்லி "எடு" என்று கத்துகிறேன். கேப்டன் என்றால் சும்மாவா?

ஆகஸ்ட் 4, செவ்வாய்

பக்கத்துப் பள்ளியோடு பயிற்சி ஆட்டம். மண்ணைக் கவ்வினோம். ஒரு பந்து ஒட்டகத்துக்கும் (உயரம் அப்படி) குள்ளிக்கும் நடுவில் சாவகாசமாக வந்து விழுந்தது. அந்த நேரம் பார்த்து எனக்கு இருமல். இரண்டு பேரும் பந்தை விட்டுவிட்டு என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கேட்டால் குள்ளி, "நீ சொல்லலையேடி" என்கிறாள்.

பி.டி. மிஸ் தனியாகக் கூப்பிட்டார். "சனிக்கிழமை மேட்ச்லயும் இவங்க உன் வாயையே பார்த்துட்டு நின்னா, கேப்டனை மாத்திடுவேன்."

அழுகை முட்டியது. வீடு வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தேன்.

ஆகஸ்ட் 5

மிஸ் சொன்னது உறைத்தது. அதனால் இன்னும் சத்தமாகக் கத்தினேன்.

ஆகஸ்ட் 6, வியாழன்

தொண்டை போச்சு. வெறும் காற்றுதான் வருகிறது. நான்கு நாள் வாயைத் திறக்கக் கூடாது என்றார் டாக்டர். அப்பா முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

வேறு யாரையாவது கேப்டனாகப் போட்டுவிடுவார்களோ? போனால் போகட்டும் என்று எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன். எனக்கு இது வேணும். ரொம்ப வேணும்.

ஆகஸ்ட் 8, சனி

நடுவரிடம் கேப்டன் மட்டும்தான் பேசலாம் என்பது விதி. வெளியே விழுந்த பந்தை அவர் உள்ளே என்றார். போய்க் கையை ஆட்டினேன், தரையைத் தொட்டுக் காட்டினேன், குதித்தேன். அவர் பயந்துபோய் மிஸ்ஸைப் பார்த்தார். பின்னாலிருந்து குள்ளி விளக்கப் போக, "நீ கேப்டன் இல்லையே, பேசாதம்மா" என்று அடக்கிவிட்டார். ஒட்டகம் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

முதல் செட் கைவிட்டுப் போனது. இரண்டாவதில் மறுபடியும் அதே மாதிரி ஒரு பந்து, இருவருக்கும் நடுவில். இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் என்ன செய்வேன்? கையை விரித்தேன்.

"நான்" என்று ஒரு குரல். குள்ளி! பாய்ந்து எடுத்தாள். அதற்கப்புறம் ஆளாளுக்கு "நான், நான்" என்று ஒரே இரைச்சல். மூன்றாவது செட்டில் ஜெயித்தோம். சந்தோஷம்தான். கொஞ்சம் வயிற்றெரிச்சலும் கூட, பொய் சொல்வானேன். கேப்டனை மாற்றும் பேச்சை மிஸ் எடுக்கவேயில்லை.

ஆகஸ்ட் 10, திங்கள்

காலையில் பல் தேய்க்கும்போது குரல் திரும்பிவிட்டது. அம்மாவோடு ஒரு சண்டை போட்டுச் சரிபார்த்தேன். நன்றாகவே இருக்கிறது.

பயிற்சியில் குள்ளி, "இன்னும் பேச வரலையாடி?" என்றாள்.

இல்லை என்று தலையை ஆட்டினேன்.