முன்கூட்டிச் சொன்ன நன்றி

ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு

என் அன்புக்குரிய வீட்டுக்காரருக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் மகளும் உங்கள் அம்மாவும் சுகமாயிருக்கிறோம். போன கடிதத்தில் நீங்கள் "எல்லாம் நலம்" என்று நாலு இடத்தில் எழுதியிருந்தீர்கள். ஒரே ஒரு இடத்தில் எழுதியிருந்தால் நம்பியிருப்பேன். கை வீக்கம் குறைந்ததா, தண்ணீர் போதுமான அளவு தருகிறார்களா என்று நான் கேட்டதற்குப் பதிலே இல்லை. இந்தத் தடவையாவது உள்ளதை எழுதுங்கள்.

கப்பல் ஏஜெண்ட் ஆபீஸிலிருந்து ஒருவர் நாளைக்கு நீங்கள் இருக்கும் துறைமுகத்துக்குப் போகிறாராம். அவர் கையில் இதைக் கொடுத்துவிடுவேன். மாதம் ஒருமுறை உங்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும் படகில் இதுவும் வந்து சேரும். போனில் சொல்லக்கூடிய விஷயமில்லை இது. உங்கள் முறைக்குக் கிடைக்கும் மூன்று நிமிடத்தில், உங்களைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்கும்போது, என்ன சொல்ல முடியும்?

விஷயம் இதுதான். உங்களை ஊருக்கு வரவழைப்பதாக வாக்குக் கொடுத்த மனுஷனோடு இன்று காலை கோயிலில், எல்லார் முன்னிலையிலும், நான் முறித்துக்கொண்டுவிட்டேன். வேறு யார் வாயாலாவது நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படுங்கள்.

நம் தொகுதி உறுப்பினர் மறுபடியும் தேர்தலில் நிற்கிறார். எல்லாருக்கும் அவர் அண்ணன். அவரைவிடப் பத்து வயது மூத்த நம் போதகருக்கும் அண்ணன்தான். கப்பல் முதலாளி ஓடிப்போய், கோர்ட் கப்பலைக் கட்டிப்போட்டு, உங்கள் பதினொரு பேரையும் இறங்கவிடாமல் வைத்திருப்பதையெல்லாம் எழுதி மூன்று மாதத்துக்கு முன் அவரிடம் மனு கொடுத்தேன். நம் அரசாங்கத்திலிருந்து அந்தத் துறைமுகத்துக்கு ஒரு கடிதம் போனால் போதும், ஆட்களை விட்டுவிடுவார்கள் என்று வக்கீல் சொன்னாரே, அந்தக் கடிதத்துக்குத்தான். "கவலைய விடும்மா, அது என் பொறுப்பு" என்றார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு வாரம் வயிறார சாப்பிட்டேன்.

ஐந்து வாரத்துக்கு முன் அவர் கோயிலுக்கு வந்தார். முன் வரிசையில் உட்காரவைத்தார்கள். பாடகர் குழு பெஞ்சுக்கு மேலே கூரை ஒழுகுவது உங்களுக்குத் தெரியும். மழை பெய்தால் பாட்டுப் புத்தகத்தை ஒரு கையிலும் பிளாஸ்டிக் வாளியை மறு கையிலும் பிடித்துக்கொண்டுதான் பாடுகிறோம். கூரை போட்டுத் தருவதாக அண்ணன் சொல்லியிருந்தார். போதகர் பிரசங்கத்தில், "யாருக்கு ஓட்டுப் போடணும்னு நான் சொல்லமாட்டேன், சொல்லவும் கூடாது. ஆனா யாரோட கை நமக்காக நீளுதுன்னு பாருங்க" என்றார். சொல்லமாட்டேன் சொல்லமாட்டேன் என்று சொல்லியே முழுவதையும் சொல்லி முடித்தார்.

அதற்குப் பிறகு சாட்சி நேரம், ஆண்டவர் செய்த நன்மையை எழுந்து சொல்லும் நேரம். போதகர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் எழுந்து போனேன். யாரும் என்னைப் பிடித்துத் தள்ளவில்லை, பழியை அடுத்தவர் தலையில் போட மாட்டேன். நம் சபை வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? கேட்டது கைக்கு வருமுன்பே வந்துவிட்டதாக நினைத்து நன்றி சொல்வோம். நாளைக்கு ஆபரேஷன் என்றால் இன்றைக்கே சுகமானேன் என்று சாட்சி சொல்வோம். பரீட்சை எழுதிய பிள்ளைகள் ரிசல்ட் வருமுன்பே பாஸானதற்கு நன்றி சொல்லும். அதுதான் விசுவாசம் என்று சின்ன வயதிலிருந்து பழக்கியிருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தில் மைக்கைப் பிடித்துச் சொன்னேன்: "என் கணவர் வீட்டுக்கு வர்றார். அவரோட இருக்கிற பத்துப் பேரும் வர்றாங்க. கதவு திறந்தாச்சு. ஆண்டவருக்கும் இந்த அண்ணனுக்கும் நன்றி." சொல்லும்போது அழுதுவிட்டேன். சபையே சேர்ந்து அழுதது.

உள்ளே இருந்தவர்களில் பாதிப் பேருக்கு அது வேண்டுதல் என்று புரிந்திருக்கும். அண்ணனோடு வந்த பையன்கள் செல்போனில் பிடித்ததை வெளியே கேட்டவர்களுக்கு எப்படிப் புரியும்?

மறுநாள் சாயங்காலம் மகள் மூச்சிரைக்க ஓடிவந்தாள். "அம்மா, நீ வண்டியில பேசுற!" என்றாள். தெருமுனையில் பிரச்சார வண்டி நின்றது. முதலில் ஒரு பாட்டு, பிறகு என் குரல், பிறகு "சொன்னதைச் செய்தவர்" என்று ஒரு முழக்கம். அன்றிலிருந்து தினம் இரண்டு வேளை. நான் வேலை பார்க்கும் பிரஸ்ஸுக்கே அவர்கள் நோட்டீஸும் வந்தது. மைக் முன்னால் அழுகிற என் முகத்தை நானே நாலாக மடித்து, நூறு நூறாகக் கட்டினேன். சூப்பர்வைசர் அம்மா "போட்டோல நல்லா விழுந்திருக்க" என்றார். நான் அடுத்த கட்டை எடுத்தேன்.

உங்கள் அம்மா மெத்தையை வெயிலில் போட்டுவிட்டார்கள். மகள் வகுப்பில் சொல்லிவிட்டாள். உங்கள் கப்பல் சமையல்காரரின் மனைவி ஒரு மணி நேரம் பஸ்ஸில் வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, "எந்தத் தேதி, அக்கா?" என்று கேட்டாள். இன்னும் தேதி தெரியாது என்றேன். அதுவும் பொய்தான், கொஞ்சம் சின்னப் பொய்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதீர்கள். ஒருநாள் நான் அரிசி களைந்துகொண்டிருந்தபோது வண்டி வந்தது. "என் கணவர் வீட்டுக்கு வர்றார்" என்று என் குரல் சொன்னது. ஒரு நொடி நானே நம்பிவிட்டேன், என்னங்க. யாரோ நல்ல சேதி கொண்டுவந்த மாதிரி உடம்பு சிலிர்த்தது. பீரோவைத் திறந்து உங்கள் நீலச் சட்டையை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்துவிட்டேன். காலர் முடிந்து கைக்கு வரும்போதுதான் புத்தி வந்தது. இஸ்திரிப் பெட்டியை ஆஃப் செய்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். சட்டையில் உங்கள் வாசனை இல்லை. இருபது மாதத்தில் அதுவும் போய்விட்டிருக்கிறது.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். பொறுக்க முடியாதது வேறு. கோயில் வாசலில் ஜெபத்துக்கான பெயர்களை எழுதிவைக்கும் கரும்பலகை இருக்கிறதல்லவா? இருபது மாதமாக உங்கள் பதினொரு பேரின் பெயரும் அதில் இருந்தது. போன ஞாயிறு போனால் அந்த இடம் சுத்தமாகத் துடைத்திருந்தது. கோயில் பணியாளரிடம் கேட்டேன். "அதான் ஜெபம் கேட்கப்பட்டாச்சே, சாட்சியே சொல்லிட்டீங்களே" என்றார் சந்தோஷமாக. அன்றைக்கு ஆராதனையில் நோயாளிகளுக்காக ஜெபித்தார்கள், பயணம் போகிறவர்களுக்காக ஜெபித்தார்கள், தேர்தலுக்காகக் கூட ஜெபித்தார்கள். உங்களுக்காக ஒருவரும் ஜெபிக்கவில்லை. நீங்கள் கடலில் நிற்க, இங்கே உங்களை வீட்டுக்கு அனுப்பிவைத்துவிட்டார்கள். அப்படிச் செய்தது என் வாய்.

திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு அண்ணன் ஆபீஸுக்குப் போனேன். கொடிக்கட்டுகளுக்கும் டீ கிளாஸ்களுக்கும் நடுவில் அவருடைய உதவியாளர் இருந்தார். கடிதம் போயாச்சா என்று கேட்டேன். அவர் அலமாரியில் தேடி ஒரு உறையை எடுத்தார். நான் கொடுத்த அதே உறை. நான் ஒட்டிய ஒட்டு பிரியவே இல்லை. "ஓட்டு முடியட்டும்மா, ஜெயிச்சு வந்ததும் முதல் கையெழுத்து உங்களுக்குத்தான். அதுவரைக்கும் எதையும் குழப்பாதீங்க" என்றார். வண்டியில் என் குரலையாவது நிறுத்துங்கள் என்றேன். "அதுக்குத்தாம்மா ஓட்டே விழுது" என்று சிரித்தார்.

ஐந்து நாள் யோசித்தேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவேளை அவர் ஜெயித்து, ஒருவேளை அந்த உறையைப் பிரித்து, ஒருவேளை எழுதலாம். அந்த ஒருவேளைகளை எத்தனை தடவை கூட்டிப் பார்த்தேன் தெரியுமா? கூட்டிக்கூட்டி, ஒரு சமயம் பேசாமலே இருந்துவிடலாம் என்றுகூட முடிவு செய்தேன்.

இன்று அவர் மறுபடி முன் வரிசையில் வந்து உட்கார்ந்தார். வியாழக்கிழமை ஓட்டுப்பதிவு. சாட்சி நேரம் வந்ததும் போதகர் என்னைப் பார்க்கவில்லை, நானாகவே எழுந்து போனேன். "அன்னைக்கு நான் சொன்னது வேண்டுதல், நடந்தது இல்ல. என் வீட்டுக்காரர் இன்னும் கப்பல்லதான் இருக்கார், மத்த பத்துப் பேரும் அங்கதான் இருக்காங்க. எந்தக் கடிதமும் போகல, மனுவ இன்னும் பிரிக்கவே இல்ல. என் குரலக் கேட்டு யாரும் ஓட்டுப் போட வேண்டாம். அவங்களுக்காக ஜெபம் பண்றத மட்டும் நிறுத்திடாதீங்க" என்றேன். பின் வரிசையில் ஒரு பெரியவர் மட்டும், காது கேட்காமலோ பழக்க தோஷத்திலோ, "ஸ்தோத்திரம்!" என்று சத்தமாகச் சொன்னார்.

அண்ணன் சிரித்த முகம் மாறாமல் கடைசிப் பாட்டு வரை இருந்தார், கெட்டிக்காரர். படியிறங்கும்போது உதவியாளர் என் பக்கத்தில் வந்து, "அண்ணன் மனசு நொந்துட்டாரு. இனிமே நீங்களே பாத்துக்கங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். போதகர் அங்கியைக் கழற்றியபடி, "நீ சொன்னது சரிதாம்மா. நானும்தான் அன்னைக்கு அவரை ஏத்திவிட்டேன்" என்றார். அங்கியை மடித்துக்கொண்டே, "மழைக்காலம் வருது" என்றார். பாவம், கூரையை நினைத்து அவருக்கு அவர் கஷ்டம்.

சமையல்காரர் மனைவியும் இன்று வந்திருந்தாள். தேதி தெரிந்துவிட்டதா என்று கேட்கவே வந்திருக்கிறாள். வெளியே நான் சாக்பீஸ் எடுத்துப் பதினொரு பெயரையும் திரும்ப எழுதிக்கொண்டிருந்தபோது என் பின்னால் வந்து நின்றாள். "உன் வீட்டுக்காரரைப் பத்தி மட்டும் சொல்லியிருக்கலாம்ல? அந்தாளு பொய்யனாவே இருந்துட்டுப் போறான், ஒருவேளை எழுதியிருந்தா? என் பிள்ளைங்களுக்கு நான் என்ன சொல்ல?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல முடியவில்லை. நான் அவள் இடத்தில் இருந்தால் இதைவிட மோசமாகப் பேசியிருப்பேன்.

அதனால் இந்தக் கடிதத்தைத் தனியாகப் படித்துவிட்டு மடித்துவைக்காதீர்கள். மற்றப் பத்துப் பேரிடமும் சொல்லுங்கள், முதலில் சமையல்காரரிடம். இவள் எங்கள் கதவை அடைத்துவிட்டாள் என்று அவர்கள் சொன்னால் எனக்காகச் சண்டைக்குப் போகாதீர்கள். நாளைக்கே வக்கீலிடம் போகிறேன், வேறு கட்சிக்காரரிடமும் போவேன், மந்திரி ஆபீஸ் வாசலிலும் உட்காருவேன். இனி எந்த மேடையிலும் நடக்காததை நடந்ததாகச் சொல்லமாட்டேன்.

நான் செய்தது சரி என்று எழுதி எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம். கோபம் வந்தால் அடுத்த முறை போன் கையில் கிடைக்கும்போது திட்டிவிடுங்கள். கேஸ் அடுப்பை அணைக்காமல் போனால் திட்டுவீர்களே, "மகாராணி, உனக்கு மூளை இருக்கா?" என்று வீடே அதிரும்படி, அதே மாதிரி. பக்கத்தில் யார் நின்றாலும் பரவாயில்லை. மூன்று நிமிடமும் திட்டுங்கள். நான் குறுக்கே பேசமாட்டேன், கேட்டுக்கொண்டே இருப்பேன்.

ஆண்டவர் உங்களையும் மற்றப் பத்துப் பேரையும் தம் கைக்குள் வைத்துக் காத்து, கரை சேர்ப்பாராக.

உங்கள் வருகைக்காக இன்னும் கேட்டுக்கொண்டிருக்கும்,
உங்கள் மகாராணி