யார் கண் உயரத்துக்கு

மேடவாக்கம்,
ஞாயிறு.

அன்புள்ள பொன்னி,

இங்கே நானும் அப்பாவும் நலம், அப்பாவின் பிபிகூட இந்த வாரம் சொன்ன பேச்சைக் கேட்கிறது, பரோடாவில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று தெரிந்தால்தான் என் நலம் முழுசாகும். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. நீ வரைந்து அனுப்பிய படத்தை அப்பா பார்த்தாரா, ஏதாவது சொன்னாரா என்று கேட்டிருந்தாய், பாதிப் பதிலைப் போனில் சொல்லி உன்னைத் தவிக்கவிட மனசில்லை. நீ ஓவியம் படிக்கப் போனதிலிருந்து உன் போன் வந்தாலே என்னிடம் நீட்டிவிட்டு பால்கனிக்குப் போகிற மனுஷர், அவரிடம் நேராகக் காட்டப் பயந்து, முதலில் ஃப்ரேம் போட்டுவிடலாம் என்று தாம்பரத்துக்கு எடுத்துப் போனேன்.

கடைக்காரர் ஆஸ்டினிடம் நீ எழுதியபடியே சொன்னேன், கரியில் வரைந்தது, கண்ணாடி படத்தில் ஒட்டினால் கரி கலைந்துவிடும், அதனால் சுற்றிலும் நாலு விரல் அகலத்துக்கு வெள்ளை மவுண்ட் அட்டை வைக்க வேண்டும், ஓரத்தை வெட்டவே கூடாது என்று. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வாங்கப் போனபோது மவுண்ட் அழகாகத்தான் இருந்தது, ஆனால் ஃப்ரேமுக்கு மேலே மாலை போட இரண்டு கொக்கி, கீழே குட்டியாக ஒரு சிவப்பு பல்பு. ஈசிசேரில் கண்ணை மூடிய அப்பா முகம், கறுப்பு வெள்ளை, அவர் வேறென்ன நினைப்பார். "பேஜாரா கீதும்மா, சின்ன வயசா தெரியறாரே, சார் எப்போ தவறுனாரு? பல்புக்குக் காசு வேணாம்" என்றார். உயிரோடு இருக்கிறார் என்று சொல்லக்கூட வாய் வராமல் வாங்கிக்கொண்டு வந்து, பீரோவுக்குப் பின்னால் சொருகிவிட்டேன். படித்தவள்தான், இருந்தாலும் அதற்கப்புறம் அவர் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், சிரிக்காதே.

நேற்று மாலை திருமுடிவாக்கத்தில் வேலை முடிந்து வந்த அப்பா, படம் கூரியரில் வந்த அட்டை உருளையில் உன் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, இது காலியாக இருக்கிறதே, உள்ளே இருந்தது எங்கே என்று கேட்டார். மறைக்க முடியாமல் எடுத்துக் கொடுத்து, பல்பு கதையையும் சொன்னேன். கத்தப் போகிறார் என்று நினைத்தேன். சிரித்துவிட்டு, "நல்லவேளை, பல்பு எரியறதுக்கு முன்னாடி நானே பாத்துட்டேன்" என்று ஸ்க்ரூ டிரைவரால் கொக்கி, பல்பு எல்லாவற்றையும் கழற்றினார். பிறகு படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எப்போது வரைந்தது என்று மட்டும் கேட்டார். உங்களிருவருக்கும் பேச்சே இல்லாமல் இருந்த அந்தக் கோடையில் என்றேன். "பேசாத ஆளு பக்கத்துல இவ்ளோ நேரம் உக்காந்துகினு இருந்தாளா?" என்றவர், மூஞ்சி கழுவப் போய்விட்டார்.

இந்த வீட்டுச் சுவரில் காலண்டருக்குக்கூட ஆணி அடிக்கவிடாதவர், இன்று காலை அவரே டிரில்லும் மட்டம் பார்க்கும் ரசமட்டமும் எடுத்தார், தண்ணி லாரிக்காக வரிசையில் நின்ற பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன சத்தம் என்று வந்து எட்டிப் பார்த்தார்கள். கூரையை ஒட்டி மாட்டாதீர்கள், படத்தின் நடுப்பகுதி கண் உயரத்துக்கு வர வேண்டும் என்று நீ எழுதியதைப் படித்துக் காட்டினேன். யார் கண் உயரத்துக்கு என்று கேட்டார். பார்க்கப் போவது நாம்தானே, நம் கண்ணுக்குத்தான் என்றேன். அவர் சுவரோடு முதுகை ஒட்டி நின்று, தன் தோளுக்குக் கொஞ்சம் கீழே பென்சிலால் கோடு போட்டார். "அவ என் தோளுக்குத்தான் வருவா. வரைஞ்சவ அண்ணாந்து பாக்கக் கூடாது" என்றார்.

கரித்தூள் மூச்சில் போகாமல் துணி கட்டிக்கொள், ராத்திரியில் தலைக்குக் குளிக்காதே. தீபாவளிக்கு இப்போதே டிக்கெட் போடு, மறந்துவிடாதே. அப்பாவே போன் செய்வாரா என்று தெரியவில்லை, செய்தால் பல்பைப் பற்றி நீயாகப் பேச்செடுக்காதே, அவரே சொல்லட்டும், அதைச் சொல்ல அவருக்கு ஆசையாக இருக்கிறது. உன் கையும் கண்ணும் எந்நாளும் நன்றாக இருக்கட்டும். படத்தைப் பார்க்க எங்கள் இரண்டு பேருக்கும் கொஞ்சம் குனிய வேண்டியிருக்கிறது, பரவாயில்லை, நீ வந்து நேராக நின்று பார்.

உன் அம்மா,
வினிதா